கல்லோடு ஒரு சீட்டும் வேண்டும்

நியூ ஜெர்சியில் ஒரு கனிமக் கிளப்பில் உறுப்பினராக இருக்கிறேன் என்று சொன்னால் நம் ஆட்கள் இரண்டில் ஒன்றைத்தான் கேட்பார்கள். "ராசிக்கல்லா?" இல்லையென்றால், "நல்ல விலை போகுமா?" நான் காங்கேயம் பக்கம் பிறந்தவள் என்றும் தெரிந்துவிட்டால் இரண்டாவது கேள்வியில் அழுத்தம் கூடிவிடும். எங்கள் ஊர்ப் பக்கம் கல் என்றாலே புரோக்கர், பேரம், ரகசியம். மழை விட்ட மறுநாள் காலையில் உழுத காட்டில் குனிந்தபடி நடப்பவர்களைப் பார்த்தே வளர்ந்தவள் நான். கிடைத்ததை யாரும் யாரிடமும் காட்ட மாட்டார்கள். எந்தக் காட்டில் கிடைத்தது என்று கேட்டால் கையை வேறு திசையில் நீட்டுவார்கள்.

அதனால்தான் இங்கே முதன்முதலில் கூட்டத்துக்குப் போனபோது திகைப்பாக இருந்தது. முன்பின் தெரியாத ஒரு பெரியவர் தன்னிடம் இருந்த மிக நல்ல துண்டை என் மகள் கையில் கொடுத்து, எந்தச் சுரங்கத்தில், எந்த ஆழத்தில், யார் எடுத்தது என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. கீழே போட்டுவிடுவாளோ என்று எனக்குத்தான் நடுக்கம்.

கூட்டம் மாதம் ஒருமுறை, ஒரு சர்ச்சின் கீழ்த்தள ஹாலில். மடக்கு நாற்காலிகள், தண்ணி மாதிரி காபி, யாராவது வீட்டில் செய்துகொண்டு வரும் கேக். முதலில் கணக்கு வழக்கு படிப்பார்கள். அதில் எப்போதும் ஒரு சின்னச் சண்டை இருக்கும். அப்புறம் ஒருவர் படம் போட்டுப் பேசுவார். அதுவும் முடிந்து மேசைகளில் கல்லைப் பரப்புகிற நேரம்தான் அசல் கூட்டம். பிளம்பர், நர்ஸ், ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை, லாரி ஓட்டுபவர், கல்லூரி மாணவன் என்று எல்லாரும் ஒரே மேசையில் பத்து மடங்கு லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்த நாட்டில் இத்தனை வருஷத்தில், என் வேலையைப் பற்றியோ விசாவைப் பற்றியோ யாரும் கேட்காமல் நான் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்த முதல் இடம் அது. "இது கால்சைட்டா, பேரைட்டா? கையில் தூக்கிப் பாரேன், கனம் தெரியும்." அறிமுகமே இப்படித்தான் ஆரம்பிக்கும்.

இங்கே இப்படி ஒரு கூட்டம் இருப்பதற்கு மண்ணும் ஒரு காரணம். மாநிலத்தின் வடக்கே சசெக்ஸ் கவுண்டியில் ஃபிராங்கலின், ஆக்டன்ஸ்பர்க் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிற்றூர்கள். இரண்டும் துத்தநாகச் சுரங்க ஊர்கள். ஃபிராங்கலின் சுரங்கம் 1954-இல் மூடியது. ஆக்டன்ஸ்பர்க்கில் இருந்த ஸ்டெர்லிங் ஹில் சுரங்கம் 1986 வரை ஓடியது. இந்த இரண்டு இடங்களிலும் சேர்த்து 350-க்கும் மேற்பட்ட கனிம வகைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். அவற்றில் சில உலகத்தில் வேறெங்கும் கிடைக்காதவை.

ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒளிரும் கல். பகலில் பார்த்தால் சாம்பலும் பழுப்புமாக, ரோட்டோரம் கிடந்தால் தாண்டிப் போய்விடக்கூடிய கல்தான். விளக்கை அணைத்துவிட்டு அதன்மேல் குறுகிய அலைநீளப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் கால்சைட் கனல் சிவப்பாகவும் வில்லமைட் பச்சைப் பசேலென்றும் எரியும். இரண்டுக்கும் காரணம் உள்ளே துளி அளவு கலந்திருக்கும் மாங்கனீஸ்தான். ஒரே பொருள் ஒரு கனிமத்தில் உட்கார்ந்தால் சிவப்பு, இன்னொன்றில் பச்சை. சுரங்கக் கம்பெனிக்காரர்களே இதை வேலைக்குப் பயன்படுத்தினார்கள். தாதுவைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கழிவைப் புற ஊதா ஒளியில் காட்டுவார்கள். வில்லமைட் துத்தநாகத் தாது என்பதால், பச்சை தெரிந்தால் துத்தநாகம் வீணாகிறது என்று அர்த்தம். இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ஊதா டார்ச்சை வாங்கிவிட்டு "சிவப்பே வரவில்லை" என்று புலம்பாதீர்கள். அது நீண்ட அலை விளக்கு. குறுகிய அலை விளக்கு தனி, விலையும் கூட. கண்ணாடி போடாமல் அதைப் பயன்படுத்தினால் கண் கெடும்.

சுரங்கம் மூடினால் ஊர் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. வேலை போகும், இளைஞர்கள் போவார்கள், பம்ப் நின்றதும் தண்ணீர் ஏறிச் சுரங்கம் மூழ்கும். இங்கேயும் அதெல்லாம் நடந்தது. ஆனால் கல்லைப் பற்றிய அறிவு மட்டும் கூடவே மூழ்கிவிடவில்லை. 1959-இலேயே இரண்டு ஊர்ப் பெயரையும் சேர்த்து ஃபிராங்கலின்-ஆக்டன்ஸ்பர்க் கனிமவியல் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த வருஷம் 'தி பிக்கிங் டேபிள்' என்று ஒரு பத்திரிகையும் வந்தது. ஓடும் பெல்ட்டில் வரும் தாதுவைக் கையால் பொறுக்கிப் பிரிக்கும் மேசைக்குத்தான் அந்தப் பெயர். ஃபிராங்கலினில் ஒரு அருங்காட்சியகம் வந்தது. ஸ்டெர்லிங் ஹில் சுரங்கத்தை ரிச்சர்ட் ஹாக், ராபர்ட் ஹாக் என்ற சகோதரர்கள் ஏலத்தில் எடுத்து 1990-இல் அதையும் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கனிமங்களின் பெயர்கள். புதிதாக ஒரு கனிமத்தைக் கண்டுபிடித்தால் அதற்குப் பேராசிரியர், மந்திரி, ராஜா என்று பெயர் வைப்பது ஒரு வழக்கம். வில்லமைட்டே நெதர்லாந்து மன்னர் வில்லியம் பெயரில் வந்ததுதான். ஆனால் கோலிசைட் என்று ஒரு கனிமம் இருக்கிறது, ஸ்டெர்லிங் ஹில்லில் கிடைத்தது. 1979-இல் அதை விவரித்து எழுதியவர்கள் அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஜான் கோலிக் என்ற தொழிலாளியின் பெயரை வைத்தார்கள். கிரைஸ்லைட் என்பது ஃபிரெடரிக் கிரைஸ்ல், ஆலிஸ் கிரைஸ்ல் என்ற கணவன் மனைவியின் பெயர். இருவரும் கல் சேர்ப்பவர்கள். சுரங்கத்தை வாங்கிய ரிச்சர்ட் ஹாக்கின் பெயரில் ஹாக்கைட் உண்டு. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருந்த பீட் டன் போன்ற ஆய்வாளர்களுக்கு விசித்திரமான துண்டுகளைக் கொண்டுபோய்க் காட்டியவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். சுரங்கத்துக்குள் நாள் முழுக்க நின்றவனுக்குத்தானே "இது நேற்றுப் பார்த்த கல் இல்லை" என்று தெரியும்? அவனையும் மைக்ரோஸ்கோப் வைத்திருப்பவரையும் சந்திக்க வைக்க ஒரு மேசை வேண்டும். கிளப் என்பது அந்த மேசைதான்.

இந்த மாதிரிச் சங்கங்கள் அமெரிக்காவில் பழையவை. நியூயார்க் கனிமவியல் கிளப் 1886-இல் தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர் டிஃபனி நகைக் கம்பெனியின் ரத்தினக்கல் நிபுணர் ஜார்ஜ் குன்ஸ். 1947-இல் நாடு முழுவதுக்குமான கூட்டமைப்பு வந்தது. இன்று உலகமே திரளும், அரிசோனா மாநிலத்து டூசான் கல் கண்காட்சிகூட 1955-இல் உள்ளூர்க் கிளப் ஒன்று ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் நடத்தியதுதான். இப்போது அங்கே கோடிக்கணக்கில் வியாபாரம். நான் போனதில்லை. போகும் ஆசையும் அவ்வளவாக இல்லை.

கிளப் செய்யும் வேலைகளில் எதற்கு முதலிடம் என்று கேட்டால் நான் சொல்வது யாரும் எதிர்பார்க்காத ஒன்று. இறந்தவர்களின் வீட்டுக் கீழ்த்தளத்தைச் சுத்தம் செய்வது.

சென்ற ஆண்டு எங்கள் பழைய உறுப்பினர் ஒருவர் போய்விட்டார். ஐம்பது வருஷத்துக்கு மேல் சேர்த்தவர். பிள்ளைகள் வேறு மாநிலத்தில். அவருடைய மனைவி வீட்டை விற்கவேண்டும். குப்பைத் தொட்டி வாடகைக்குச் சொல்லிவிட்டு, கடைசியில் என்னவோ தோன்றி கிளப் செயலாளருக்கு போன் போட்டார். நாங்கள் ஏழெட்டுப் பேர் போனோம். சுருட்டுப் பெட்டி, ஷூ பெட்டி, பால் கிரேட் என்று தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் கல். ஒவ்வொரு கல்லின் அடியிலும் ஒரு ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட் பொட்டு. அதன்மேல் கறுப்பு மையில் பொடி எழுத்தில் ஒரு எண். அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்று சொல்லும் நோட்டு மட்டும் இல்லை.

நோட்டு இல்லையென்றால் அத்தனையும் வெறும் எண் போட்ட கல். ஒரு கல் என்ன கனிமம் என்பதை எந்த நல்ல ஆய்வுக்கூடமும் சொல்லிவிடும். அது எந்த ஊரில், எந்தக் குழியில், எந்த வருஷம் கிடைத்தது என்பதைக் கல்லைப் பார்த்துப் பெரும்பாலும் சொல்ல முடியாது. அந்தக் குழி இன்று தண்ணீருக்கடியில். போய்ப் பார்த்துவிட்டு வரவும் வழியில்லை. விற்பவர், வாங்குபவர், அருங்காட்சியகத்தார் எல்லாரும் கல்லுக்கு முன்னால், அது கிடைத்த இடமும் விவரமும் எழுதிய சீட்டைத்தான் கேட்பார்கள். ஒரே கல்லுக்குச் சீட்டோடு ஒரு விலை, சீட்டில்லாமல் வேறு விலை.

நோட்டு கடைசியில் ஸ்பேனர் போட்டு வைக்கும் டிராயரில் கிடைத்தது. மூன்று நோட்டுகள். அதில் கல் விவரம் மட்டுமா இருந்தது? "மழை. பிள்ளைகளும் வந்தார்கள். டயர் பஞ்சர்." "இதை இன்னாரிடம் மாற்றிக்கொண்டேன், ஏமாற்றிவிட்டான்." அந்த அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு நோட்டை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். அப்புறம் எங்களுக்கு வேலை ஓடவில்லை. அவர் வாசிக்க வாசிக்க அந்தக் கல்லை ஒவ்வொருத்தராகத் தேடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பல வார இறுதிகள் ஆயிற்று முடிக்க. அரியவை அருங்காட்சியகத்துக்குப் போயின. நல்லவற்றை ஏலத்தில் விட்டுப் பணத்தைக் குடும்பத்துக்குக் கொடுத்தோம். உடைசலும் இரட்டைப் பிரதிகளும் பிள்ளைகள் மேசைக்கு. அந்த அம்மா இப்போது கூட்டங்களுக்கு வருகிறார். கல்லில் ஆர்வம் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்வார். கேக் அவர் பொறுப்பு.

எல்லா வீட்டிலும் இப்படி நடப்பதில்லை. இன்னொருவர் வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் காகிதங்களையெல்லாம் போட்டுவிட்டார்கள். கல்லில் பாதி தோட்டத்துப் பாத்திக்கு வரப்பாகிவிட்டது. யாரைக் குறை சொல்வது? அப்பாவுக்கு என்ன பைத்தியம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பிள்ளைகள் மேசையைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டு குழி முட்டைப் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவோம். குழிக்கு ஒரு கல், கல்லுக்கு ஒரு சீட்டு. சீட்டில் பெயரும் கிடைத்த இடமும் எழுதாமல் அடுத்த கல் கிடையாது. இது மட்டும் கறார். என் மகள் ரொம்ப நாள் "அமெரிக்கா" என்றே எல்லாவற்றுக்கும் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த வேதியியல் ஆசிரியை அசரவில்லை. "அமெரிக்கா பெரிசு, எந்த மூலை?" என்று திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இப்போது அவள் என்னிடம் கடையில் வாங்கும் மாம்பழத்துக்குக்கூட எந்த மூலை என்று கேட்கிறாள்.

குவாரிக்குப் போவதும் கிளப்பினால்தான் நடக்கும். தனியாள் போய்க் கேட்டால் கேட்டைக்கூடத் திறக்க மாட்டார்கள். கிளப்பென்றால் காப்பீடு இருக்கிறது, ஹெல்மெட்டும் இரும்பு முனை பூட்ஸும் போட்டு வருவார்கள், சொன்ன எல்லையைத் தாண்ட மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. ஒருவர் மீறினால் எல்லாருக்கும் கதவு சாத்திக்கொள்ளும் என்பதால் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்வார்கள்.

குறைகள் இல்லாமலா? நிறைய. தலை நரைத்தவர்கள்தான் முக்கால்வாசி. கணக்கு படிக்கும்போது வரும் சண்டை சில சமயம் மூன்று மாதம் நீளும். கல் வைத்தால் நோய் தீரும் என்று சொல்லி விற்பவர்களைக் கண்காட்சியில் அனுமதிக்கலாமா என்பது தீராத வழக்கு. கடை வாடகை வேண்டும் என்று ஒரு கட்சி, மானம் போகிறது என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ராசிக்கல் பெட்டியோடு வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிறவர்களைச் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டதால் இருக்கலாம்.

இனி எனக்குக் கொஞ்சம் உறுத்தலான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் உறுப்பினர்களின் அலமாரியில் இந்தியா நிறைய இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஜல்காவ், நாசிக், புனே பக்கத்துக் கருங்கல் குவாரிகளில் கிடைக்கும் அபோஃபிலைட்டும் ஸ்டில்பைட்டும் இல்லாத வீடே கிடையாது. புனேவை ஒட்டிய வாகோலியின் நீல நிற கவன்சைட்டைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள். அவை உருவான விதம் நியூ ஜெர்சிக்காரர்களுக்குப் புதிதல்ல. இங்கே பேட்டர்சன் பக்கம் சுமார் 20 கோடி ஆண்டுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு. தக்காணத்தில் வழிந்தது சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன். இரண்டிலும் குழம்பு இறுகியபோது உள்ளே குமிழிக் குமிழியாக வெற்றிடங்கள் நின்றுபோயின. பிறகு சூடான நீர் ஊறி அந்த வெற்றிடங்களில் படிகங்களை வளர்த்தது. பேட்டர்சனின் வெளிர்பச்சை ப்ரெனைட்டும் ஜல்காவ் அபோஃபிலைட்டும் ஒரே தட்டில் இருப்பதைப் பார்த்தால் ஒன்றுவிட்ட சகோதரிகள் மாதிரி இருக்கும்.

ஆனால் சீட்டைப் பாருங்கள். பேட்டர்சன் கல்லில் குவாரியின் பெயர், எடுத்தவர் பெயர், வருஷம் எல்லாம் இருக்கும். நம் ஊர்க் கல்லில் பெரும்பாலும் "ஜல்காவ், இந்தியா." அத்தோடு சரி. அது குவாரி இருந்த இடமா, வியாபாரி கடை வைத்திருந்த ஊரா என்பதுகூடப் பல நேரம் நிச்சயமில்லை. அந்தப் பாறையைப் பிளந்து, உள்ளே மின்னியதைப் பார்த்து, உடையாமல் சாக்கில் சுற்றி எடுத்து வைத்தவர் யார்? கோலிசைட் என்று பெயர் வைக்கும்படி ஒரு தொழிலாளியைத் தெரிந்துவைத்திருந்த ஊர் இது. அங்கே அவரைத் தெரிந்துகொள்ள ஒரு மேசை இல்லை.

எங்கள் பக்கமும் அதே கதைதான். காங்கேயத்துக்கும் திருப்பூருக்கும் நடுவே இருக்கும் படியூரில் 1819 வாக்கிலேயே ஓர் ஆங்கிலேயர் குத்தகை எடுத்துக் கடல்நீலக் கல்லான அக்வாமரின் எடுத்திருக்கிறார். அதற்கும் ஏறத்தாழ ஈராயிரம் வருஷத்துக்கு முன்பே நொய்யல் கரையில் கொடுமணலில் கல்மணி செய்திருக்கிறார்கள். பாதி அறுத்த மணியும் துளை போடாத மணியும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. ரோமாபுரிக்காரர்கள் நம் நாட்டுப் பெரிலுக்கு (அக்வாமரினும் பெரில் வகைதான்) ஆசைப்பட்டதை அந்தக் கால ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். இவ்வளவு இருந்தும், எங்கள் அப்பாரு காட்டில் எடுத்து விற்ற கற்கள் என்ன கல் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எந்த வருஷம், எந்த வயல், எந்த வண்ணம் என்று எழுதிவைத்த ஒரு தாள் இல்லை. கல் இப்போது எந்த நாட்டு மோதிரத்தில் இருக்கிறதோ.

தோண்டச் சொல்லவில்லை. கல் விஷயத்தில் சட்டம் ஒரு பக்கம், புரோக்கர் ஒரு பக்கம். அதில் போய்த் தலையைக் கொடுக்கவேண்டாம். காசுக்கு ஆகாத கல்லே ஏராளமாக இருக்கிறதே. குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், அபிரகம், கார்னெட் துணுக்கு. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருக்கும் பாறைக்குத்தான் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் சார்னொக்கைட் என்று பெயர் வைத்தார், கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னொக்கின் கல்லறைப் பலகை அந்தக் கல்லால் ஆனது என்பதால். சென்னையில் அதன்மேல் வீடு கட்டிக் குடியிருப்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? பள்ளிக்கூடத்தில் ஒரு மேசை, நான்கு முட்டை அட்டை, ஒரு லென்ஸ், எழுதிவைக்க ஒரு நோட்டு. முதலில் அது போதும்.

என் சித்தப்பா மகன் ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியர். போன முறை போனபோது ஃபிராங்கலின் துண்டுகள் கொஞ்சமும் ஒரு குறுகிய அலை விளக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வகுப்பறை ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டிக் காட்டியிருக்கிறான். பிள்ளைகள் போட்ட கூச்சலில் தலைமையாசிரியரே ஓடிவந்து பார்த்தாராம். நல்லதுதான். ஆனால் அடுத்த வாரம் அவன் அனுப்பிய குரல்செய்திதான் எனக்கு முக்கியம்.

"அக்கா, விளக்கெல்லாம் சரி. பசங்க ஆளுக்கொரு கல்லப் பொறுக்கிட்டு வந்து இது என்னன்னு கேக்கறாங்க. எனக்கே தெரியலீங்க்கா. ஒரு மூட்டை சேந்துபோச்சு."

எந்தக் கல் எங்கே எடுத்தது என்று எழுதி வாங்கினாயா என்று கேட்டேன். எழுதி வாங்கவில்லை. திங்கட்கிழமை எல்லாவற்றையும் அவரவரிடமே திருப்பிக் கொடுத்துச் சீட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லப் போகிறானாம். என்ன கல் என்று படத்தைப் பார்த்துச் சொல்வதற்கு எங்கள் கிளப் வேதியியல் ஆசிரியை சம்மதித்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: படத்தில் கல்லுக்குப் பக்கத்தில் அளவுகோல் இருக்கவேண்டும், சீட்டில் "இந்தியா" என்று மட்டும் எழுதி அனுப்பினால் பார்க்கமாட்டார்.